ஸ்டீக்லிட்ஸ்: ஓர் அறையும் ஒரு பத்திரிகையும்

ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் யோக்யதை ஒன்றுதான். அவரைப் போல நானும் ஒரு பத்திரிகையின் விற்காத பிரதிகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருக்கிறேன். என்னுடையது எழுபதுகளின் கடைசியில் மாயவரத்திலிருந்து நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நடத்தி, ஏழு இதழ்களோடு நின்றுபோனது. அவருடையதன் பெயர் '291'. 1915-லும் 1916-லும் நியூயார்க்கிலிருந்து வெளிவந்தது. அதன் ஓர் இதழில் அவரது மிகப் பிரசித்தி பெற்ற படமான 'தி ஸ்டீரேஜ்' பெரிய அளவில், உயர்ந்த தாளில் அச்சாகியிருந்தது. வாங்க ஆளில்லை. கட்டுக் கட்டாக மீந்து கிடந்ததைக் கடைசியில் 5 டாலர் 80 சென்டுக்குப் பழைய காகிதக்காரரிடம் போட்டார். அந்த இதழில் தப்பிப் பிழைத்த பிரதிகளை இன்று அருங்காட்சியகங்கள் பாதுகாத்து வருகின்றன.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. சிறுபத்திரிகை நடத்தித் தோற்றவர்களுக்கு இப்படிப்பட்ட கதைகள் தேவைப்படுகின்றன. ஆனால் ஸ்டீக்லிட்ஸின் வாழ்க்கையை இந்த ஆறுதலுக்காக மட்டும் படிப்பது அவருக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. அவர் நடத்திய பத்திரிகையும் அவர் வைத்திருந்த அறையும் எதைச் சாதித்தன என்று கேட்கும்போதே, யாரை வெளியே நிறுத்தின என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்வியை மட்டும்தான் நான் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

1864 ஜனவரி 1-ந் தேதி, நியூயார்க்கை ஒட்டிய ஹோபோகனில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். தகப்பனார் கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். 1881-ல் குடும்பம் மீண்டும் ஜெர்மனிக்குப் போனது. பெர்லினில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்த ஸ்டீக்லிட்ஸ், ஹெர்மன் வோகெல் என்ற விஞ்ஞானியிடம் ஒளி ரசாயனம் கற்கப் போய், 1883-ல் ஒரு கேமராவை வாங்கினார். அதோடு பொறியியல் முடிந்தது. 1887-ல் லண்டனில் பி.எச். எமர்சன் நடுவராக இருந்த போட்டியில் பரிசு கிடைத்தது. 1890-ல் அமெரிக்கா திரும்பினார். தகப்பனார் முதல் போட்டுக் கொடுத்த ஓர் அச்சுப்பதிவுக் கம்பெனியில் அவர் பங்குதாரர். அந்த வியாபாரத்தில் அவர் மனம் நிற்கவில்லை, 1895-ல் விலகினார். ஆனால் படத்தைத் தகட்டில் ஏற்றி அச்சிடும் நுணுக்கம் முழுவதும் அந்த ஐந்து வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது. பின்னால் அவர் பத்திரிகையைக் காப்பாற்றியது அந்தக் கைதான்.

அன்றைக்குப் புகைப்படம் இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஈஸ்ட்மனின் கோடக் கேமரா, பொத்தானை அமுக்கத் தெரிந்தவரெல்லாம் புகைப்படக்காரர் என்று ஆக்கியிருந்தது. இன்னொரு பக்கம் ஓவியர்களும் விமர்சகர்களும் இயந்திரம் செய்வது கலையாகாது என்றார்கள். ஸ்டீக்லிட்ஸ் இரண்டு தரப்புக்கும் பதிலைப் படங்களாகவே வைத்தார். 1893 பிப்ரவரியில், பனிப்புயலில், கையில் பிடிக்கும் சிறிய கேமராவுடன் ஐந்தாவது அவென்யூவில் மூன்று மணி நேரம் நின்று, குதிரைகள் இழுத்து வரும் கோச் வண்டி ஒன்றைப் படமெடுத்தார். அந்தக் கேமராவை அன்றைய கலைப் புகைப்படக்காரர்கள் மதிப்பதில்லை. கருவி எதுவானாலும் காத்திருப்பதும் தேர்ந்தெடுப்பதும் மனிதன்தான் என்பதே அவர் சொல்ல வந்தது. இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று இதை நிரூபிக்க ஒரு மனிதன் பனியில் விறைத்து நிற்க வேண்டியிருந்தது.

1902-ல் அவர் ஏற்படுத்திய குழுவுக்கு 'ஃபோட்டோ-செசெஷன்' என்று பெயர். பிரிந்து போனவர்கள் என்று அர்த்தம். ம்யூனிக்கிலும் வியன்னாவிலும் அகாடமிகளை விட்டு வெளியேறிய ஓவியர்கள் வைத்துக்கொண்ட பெயரை அவர் எடுத்துக்கொண்டார். குழுவுக்கு ஒரு பத்திரிகை வேண்டும். 'கேமரா வொர்க்' முதல் இதழ் 1903 ஜனவரி தேதியிட்டு வந்தது. அட்டையை வடிவமைத்தவர் எட்வர்ட் ஸ்டைகன். 1917 வரை 50 எண்ணிட்ட இதழ்கள்.

அந்தப் பத்திரிகையில் படங்கள் அச்சான விதத்தைச் சொல்ல வேண்டும். அவற்றில் பலவும் ஃபோட்டோகிராவ்யூர் என்ற முறையில் அச்சானவை. செப்புத் தகட்டில் படத்தை ஏற்றி, அமிலத்தால் அரித்து, நிழலின் ஆழத்துக்கேற்ப மை தேங்கும்படி செய்து அச்சிடுவது. பல படங்கள் மெல்லிய ஜப்பானியத் தாளில் தனியாக அச்சிடப்பட்டு, ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டப்பட்டன. 1904-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரு கண்காட்சிக்கு அசல் படங்கள் போய்ச் சேராதபோது பத்திரிகையிலிருந்து எடுத்த படங்களை மாட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவற்றை அசல் என்றே நினைத்தார்கள். லெட்டர் பிரஸ்ஸில் அழுகிப்போன பிளாக்கிலிருந்து ஆளின் மூக்கு எது, மீசை எது என்று தெரியாமல் படம் போட்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் தெரியும். ஸ்டீக்லிட்ஸுக்குப் பத்திரிகையின் பக்கமே படைப்பு வந்து நிற்க வேண்டிய இடம். வேறெங்கோ இருக்கும் படைப்பைப் பற்றித் தகவல் தரும் தாளாக அதை அவர் நினைக்கவில்லை.

*

1905 நவம்பர் 24-ந் தேதி, ஐந்தாவது அவென்யூ 291-ம் எண் கட்டிடத்தில் சில சிறிய அறைகளை எடுத்துக் கண்காட்சி தொடங்கினார். 1908-ல் வாடகை கட்டுப்படியாகவில்லை. பால் ஹேவிலண்ட் என்ற நண்பர் எதிர்ப்புறத்து அறையைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார். அந்தக் கதவின் எண் 293. ஆனால் பெயர் 291 என்றே நின்றுவிட்டது. கிட்டத்தட்ட பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி.

அந்த அளவுள்ள அறையில் நடந்ததைப் பட்டியலிட்டாலே போதும். 1908 ஜனவரியில் ரோதனின் கோட்டோவியங்கள். அதே வருஷம் ஏப்ரலில் மாத்தீஸ், அமெரிக்காவில் முதல் முறையாக. 1911-ல் செசானின் நீர்வண்ண ஓவியங்கள், அடுத்து பிக்காஸோவின் கோட்டோவியங்கள். 1912-ல் குழந்தைகள் வரைந்த படங்கள். 1914-ல் ப்ரான்குசியின் சிற்பங்கள். அதே வருஷக் கடைசியில் ஆப்பிரிக்கச் சிற்பங்கள், இனவியல் மாதிரிகளாக இல்லாமல் சிற்பங்களாகவே. நவீன கலையை அமெரிக்கப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் ஆர்மரி கண்காட்சி நடந்தது 1913-ல்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்பே இந்தச் சின்ன அறை தொடங்கிவிட்டது.

பிக்காஸோ கண்காட்சியில் விற்றது ஒன்றே ஒன்று. இன்னொன்றை ஸ்டீக்லிட்ஸே வாங்கிக்கொண்டார். மொத்தத்தையும் 2000 டாலருக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குத் தருவதாகச் சொன்னதாகவும், அவர்கள் மறுத்துவிட்டதாகவும் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1912-ல் 'கேமரா வொர்க்' ஒரு தனி இதழ் போட்டது. கெர்ட்ரூட் ஸ்டைன் மாத்தீஸையும் பிக்காஸோவையும் பற்றி எழுதிய உரைநடைச் சித்திரங்கள் அதில் வந்தன. அப்படிப்பட்ட எழுத்தைப் போடப் பத்திரிகைகள் கிடைக்காத காலம். ஒரு புகைப்படப் பத்திரிகை அதைப் போட்டது. சந்தாதாரர்கள் மிரண்டார்கள். லென்ஸையும் டெவலப்பரையும் பற்றித் தெரிந்துகொள்ளப் பணம் கட்டியவர்கள் அவர்கள். உச்சத்தில் ஆயிரத்தை நெருங்கிய சந்தா, கடைசியில் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. போரும் பணமுடையும் சேர்ந்து 1917-ல் அறையையும் பத்திரிகையையும் மூடவைத்தன. கடைசி இதழ் முழுக்க பால் ஸ்ட்ரேண்ட் என்ற இளைஞருக்கு: மென்மையாக மங்கலாக்கும் ஜாலங்கள் எதுவும் இல்லாத, நேரடியான, முரட்டுப் படங்கள். கடைசிக் கண்காட்சி ஜார்ஜியா ஓகீஃபின் ஓவியங்களுக்கு. 1916-ல் அவருடைய கரித்துண்டுச் சித்திரங்களை அவர் அனுமதியில்லாமலேயே ஸ்டீக்லிட்ஸ் மாட்டிவைத்தார், அவர் நேரில் வந்து சண்டை போட்டார் என்பது தெரிந்த கதை. படங்கள் இறங்கவில்லை. 1924-ல் இருவரும் மணந்துகொண்டார்கள்.

சந்தா குறையக் குறையப் பத்திரிகை தைரியமாகிக்கொண்டே போனது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை அப்போது கவர்ந்தது. இதையே எங்கள் பத்திரிகையின் மூன்றாவது இதழில் ஒரு தலையங்கமாகவும் எழுதினேன்.

*

இனி மறுபக்கம்.

'தி ஸ்டீரேஜ்' படத்தைச் சென்னையில் அமெரிக்க நூலகத்தில் ஒரு புத்தகத்தில் முதலில் பார்த்தேன். ஸ்டீரேஜ் என்பது கப்பலில் மிகக் குறைந்த கட்டணக்காரர்களை அடைக்கும் கீழ்ப்பகுதி. சால்வை போர்த்திய பெண்கள், குழந்தைகள், தொங்கும் துணிகள், குறுக்கே ஒரு வெள்ளைப் பாலம், மேல்தளத்தில் வைக்கோல் தொப்பி அணிந்து குனிந்து பார்க்கும் ஓர் ஆள். அமெரிக்கக் கனவோடு வந்து இறங்கும் ஏழைகள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். நான் மட்டுமில்லை, பலரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் 1907-ல் அந்தக் கப்பல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் இருப்பவர்கள் திரும்பிப் போகிறவர்கள். எடுத்தவர் மனைவியோடும் மகளோடும் முதல் வகுப்பில் பயணம் செய்துகொண்டிருந்தார். அங்கிருந்த பணக்காரக் கூட்டம் சகிக்காமல் கப்பலின் முன்பக்கம் நடந்து வந்தவர், கீழே கண்டதைப் பார்த்ததும் அறைக்கு ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தார். மீதி இருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு.

பின்னால் இந்தப் படத்தைப் பற்றி அவர் சொன்னபோது மனிதர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. வட்டமான தொப்பி, சாய்ந்த புகைபோக்கி, சாய்ந்த படிக்கட்டு, ஒருவன் முதுகில் குறுக்காக ஓடும் கால்சராய்ப் பட்டைகள் என்று வடிவங்களையும், அவை தன்னுள் எழுப்பிய உணர்வையும் சொன்னார். உருவவாதம் என்று இதை ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அந்த வடிவங்கள் இல்லாவிட்டால் அந்த மனிதர்கள் நூறு வருஷம் தாண்டி நம்மிடம் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் நின்ற இடம் மேல்தளம். பாலத்துக்கு இந்தப் பக்கம். அதுவும் படத்தில் பதிவாகியிருக்கிறது.

ஸ்டீக்லிட்ஸ் பணத்துக்காகப் படம் எடுத்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் தகப்பனார் தந்ததும், முதல் மனைவி எம்மியின் குடும்பத்து மதுபானத் தொழிலிலிருந்து வந்ததும்தான் அவரைத் தாங்கின. எம்மிக்கு இந்தக் கலை விவகாரங்களில் ஈடுபாடில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். 'கேமரா வொர்க்' பிழைத்துக் கிடந்ததில் அவர் பணத்துக்கும் பங்குண்டு என்பதையும் அதே வரியில் எழுதியிருக்க வேண்டும்.

கெர்ட்ரூட் கேஸபியர் என்ற பெண்மணியின் கதை இன்னும் முக்கியமானது. 'கேமரா வொர்க்' முதல் இதழில் பிரதான இடம் பெற்றவர் அவர். தாய்மையைப் பற்றி அவர் எடுத்த படங்களுக்கு நிகரானவை அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் அவர் நியூயார்க்கில் ஸ்டூடியோ வைத்துப் படமெடுத்துச் சம்பாதித்தவர். குடும்பம் அவர் வருமானத்தை நம்பியிருந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் சங்கத்தில் அவர் சேர்ந்தது ஸ்டீக்லிட்ஸுக்குப் பொறுக்கவில்லை. உறவு கசந்து 1912-ல் கேஸபியர் குழுவிலிருந்து விலகினார். கிளாரன்ஸ் ஒயிட்டும் பிரிந்தார். ஸ்டைகனோடும் போர்க்காலத்தில் முறிந்தது. அகாடமிகளை விட்டு வெளியேறுவதற்காக ஏற்பட்ட குழுவில் ஓர் ஆள் அகாடமி உருவாகிவிட்டது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் கேஸபியர் இல்லை. எங்கள் ஊரில் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோக்காரர் இருந்தார். பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாணப் படம், இறந்தவர்களை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுக்கும் படம், இவைதான் அவர் பிழைப்பு. எங்கள் பத்திரிகையின் ஐந்தாவது இதழ் தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு படங்கள். துலாக் கட்டத்தின் படிகள், விடியற்காலையில், ஆளில்லாமல். ஈரம் காயும் கல். படிமேல் யாரோ விட்டுப்போன ஒரு செம்பு. நான் அவற்றைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "நாங்கள் கலை சம்பந்தமாகத்தான் போடுவது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஆதிமூலத்தின் கோடுகளைப் பார்த்து ரசிக்கத் தெரிந்தவர்கள் என்ற கர்வம் எங்களுக்கு இருந்தது. கல்யாண வீட்டில் விளக்குப் பிடிப்பவருக்குக் கண் இருக்க முடியும் என்று தோன்றவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி சார்" என்று கவரை வாங்கிக்கொண்டு போனார்.

*

ஸ்டீக்லிட்ஸின் கதையில் தமிழ்த் தொடர்புள்ள ஒருவர் வருகிறார். ஆனந்த குமாரசாமி, கொழும்பில் 1877-ல் பிறந்தவர். தகப்பனார் முத்து குமாரசாமி இலங்கைத் தமிழர், தாயார் ஆங்கிலேயர். 1908-ல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கைஅச்சு எந்திரத்தில் 425 பிரதிகள் அச்சானது. அதில் உள்ள படங்களை எடுத்தவர் அவர் மனைவி எதெல். குமாரசாமியும் கேமரா பிடித்தவர். 1917-ல், 291 மூடிய அதே வருஷம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அவர் எடுத்த முயற்சியில்தான் 1924-ல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. ஸ்டீக்லிட்ஸ் அவற்றைத் தானே தேர்ந்து அன்பளிப்பாகத் தந்தார். அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று புகைப்படத்தைக் கலைப்படைப்பாக ஏற்றுக்கொண்ட முதல் சம்பவங்களில் இது ஒன்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. செய்தவன் பெயர் முக்கியமில்லை, செய்த பொருளும் அதன் பயனுமே முக்கியம் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் குமாரசாமி. கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1943-ல் ஒரு புத்தகமும் போட்டார். ஸ்டீக்லிட்ஸோ தன் பெயரையும் தன் பார்வையையும் முன்னிறுத்தியவர். ஒரே நெகடிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கலையில், ஒவ்வொரு பிரதியும் தனி என்று பிடிவாதம் பிடித்தவர். கருத்தில் இவ்வளவு தூரம் விலகி நின்ற ஒருவருக்குக் குமாரசாமி கதவைத் திறந்துவிட்டார். தன் கொள்கைக்கு ஒத்துவருகிறதா என்று அளந்து பார்த்திருந்தால் அந்த 27 படங்கள் உள்ளே வந்திருக்காது. நல்ல அருங்காட்சியகக் காப்பாளருக்கு வேண்டிய குணம் இதுதான் என்று நினைக்கிறேன். பத்திரிகை ஆசிரியனுக்கும்தான்.

அந்த வருஷங்களில் ஸ்டீக்லிட்ஸ் மேகங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்காருபவர்களை அவர் வசியம் செய்துவிடுகிறார், அதனால்தான் படம் அப்படி வருகிறது என்று ஓர் இளம் எழுத்தாளர் சொன்னது அவரைச் சுட்டிருந்தது. மேகத்தை யாரும் வசியம் செய்ய முடியாது. 1922-லிருந்து லேக் ஜார்ஜ் ஏரிக்கரை வீட்டில் வானத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பினார். உள்ளங்கை அளவுப் படங்கள். பலவற்றில் அடிவானம் இல்லை, மேல் கீழ் இல்லை. 'ஈக்விவலண்ட்ஸ்', அதாவது நிகரானவை, என்று பெயரிட்டார். எனக்கு அவர் படங்களில் மிகவும் பிடித்தவை இவைதான். கட்டுப்படுத்த முடியாத ஒன்றின் முன்னால் அந்த மனிதர் கடைசியில் வந்து நின்றார்.

*

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1925-லிருந்து 1929 வரை ஒரு சிறு அறை, பின் மேடிசன் அவென்யூ 509-ம் எண் கட்டிடத்தின் பதினேழாவது மாடியில் 'ஆன் அமெரிக்கன் பிளேஸ்'. ஓகீஃப், ஜான் மரின், ஆர்தர் டவ் ஆகியோரின் படங்களை அங்கே விடாமல் காட்டினார். 1936-ல் ஆன்சல் ஆடம்ஸின் புகைப்படங்கள். வாங்க வருபவருக்கு அந்தப் படத்தை வைத்திருக்கும் தகுதி உண்டா என்று விசாரித்த பிறகே விற்பது அவர் வழக்கம். 1933-ல், தான் சேர்த்த மற்றவர்களின் புகைப்படங்கள் நானூறுக்கும் மேற்பட்டவற்றை வைத்திருக்க இடமும் பணமும் இல்லாமல், எடுத்துப் போகாவிட்டால் எறிந்துவிடுவேன் என்று மெட்ரோபாலிடனுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அதில் கேஸபியரின் படங்களும் இருந்தன. உறவு முறிந்து இருபது வருஷம் ஆகியும் அவர் அவற்றைத் தூக்கி எறியவில்லை. உடல் ஒத்துழைக்காமல் 1937-ல் கேமராவைக் கீழே வைத்தார். 1946 ஜூலை 13-ல் இறந்தார். மறு வருஷம் குமாரசாமியும் போனார்.

சேகரிப்பைப் பிரித்துக் கொடுக்க ஓகீஃபுக்கு மூன்று வருஷம் பிடித்தது. புகைப்படங்களின் தலையாய தொகுதி வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனது. 1949-ல் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு 101 படைப்புகளைக் கொடுத்தார். இனப் பிரிவினை சட்டமாக இருந்த ஊர் அது. பிற்பாடு பணநெருக்கடியில் அந்தப் பல்கலைக்கழகம் நீதிமன்றம் வரை போய், 2012-ல் அவற்றில் பாதி உரிமையை 3 கோடி டாலருக்கு ஆர்கன்ஸாஸில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. எல்லோரையும் உள்ளே விடாத மனிதரின் சேகரிப்பு இப்படி எங்கெங்கோ போய்ச் சேர்ந்து, யார் யாரோ பார்க்கும்படி ஆயிற்று.

மாயவரத்து ஸ்டூடியோ தொண்ணூறுகளில் மூடப்பட்டது. சில வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது அவர் மகனைத் தேடிப் பிடித்து, அந்தப் பன்னிரண்டு படங்களைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பழைய நெகடிவ்களைப் பற்றிக் கேட்டேன். அதிலிருந்து வெள்ளி எடுப்பவர்கள் என்று இரண்டு பேர் வந்தார்கள், எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார். என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை.